மூன்று சதவிகிதம்

கையுறைப் பெட்டியை மேசைமேல் வைத்த பிறகும் ரத்தினபாய் போகாமல் நின்றாள். நூறு கையுறைகள் அடங்கிய நீல நிற அட்டைப் பெட்டி. மருந்துக்கடைப் பையைக்கூடப் பிரிக்காமல் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஆசிரியர் அறையில் அந்தப் பீரியடில் வேறு யாரும் இல்லை. சுப்ரஜா பத்தாம் வகுப்பு பி பிரிவின் உயிரியல் விடைத்தாள்களை வரிசை எண்படி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யார் குடுத்தாங்க?"

"கரஸ்பாண்டன்ட் அம்மாதான் டீச்சர். நோட்டு, பேப்பரு எது குட்த்தாலும் இத்த மாட்டிக்கினு குடுக்கச் சொன்னாங்க. ரெண்டு பேரண்ட்ஸு வந்து இன்னாவோ பேசினாங்களாம்."

"என்ன பேசினாங்களாம்?"

ரத்தினபாய் பள்ளியின் ஆயா. யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லக்கூடியவள். அன்று தரையைப் பார்த்தாள். "அத்த என் வாயால எதுக்கு டீச்சர் சொல்லிக்கினு. நாலு வருசமா உங்க டேபிளத் தொடச்சிக்கினு கீறேன், நீங்க குடிச்ச கிளாஸக் கழுவிக்கினு கீறேன். எனுக்கு இன்னா ஒட்டிக்கிச்சு? அந்தம்மாக்கு நேரா வந்து சொல்லத் தெரியாதா? என் கையில குட்த்து அனுப்புது பாரு."

சுப்ரஜா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவை கைகள் போலவே இல்லை என்று அவளுக்கே சில நாட்கள் தோன்றும். தோல் தடித்து, வெள்ளையும் சிவப்புமாகச் செதில் பிடித்து, ரேகை ஓடும் இடமெல்லாம் பிளந்திருந்தது. சுண்டுவிரல் ஓரத்தில் அன்று காலை சப்பாத்தி மாவு பிசைந்தபோது ஏற்பட்ட பிளவில் ரத்தம் காய்ந்திருந்தது. கட்டைவிரல் நகங்கள் இரண்டும் கரையான் அரித்தவை போலப் பொடிந்திருந்தன. ரப்பர் கையுறையை ஒரு மணி நேரம் போட்டால் உள்ளே வியர்த்து ஊறி, கழற்றும்போது தோலும் கூடவே உரிந்து வரும். அதைப் பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் அம்மாள் ஒருமுறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

மணி அடித்ததும் விடைத்தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். பெட்டி மேசையிலேயே கிடந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துத் தாளை நீட்டினாள். பெரும்பாலான பிள்ளைகள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது வரிசைப் பெண் ஒருத்தி, தாளின் மூலையை இரண்டு விரல் நுனியால் மட்டும் பிடித்து இழுத்தாள். கெட்ட பிள்ளை இல்லை. வீட்டில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த இரண்டு விரல்கள் அன்று மாலைவரை சுப்ரஜாவின் கண்ணுக்குள்ளேயே இருந்தன.

மகள் ஹர்ஷா பிறந்த ஆறாவது மாதத்தில் ஆரம்பித்தது இது. இப்போது ஹர்ஷாவுக்குப் பத்து வயது. முதலில் தலையில் பொடுகு என்றார்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். சோரியாசிஸ் என்ற பெயரைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருடமாயிற்று. அதற்கப்புறம் களிம்புகள், தார் கலந்த ஷாம்பூ, நிழலில் உலர்த்திய இலையில் காய்ச்சிய எண்ணெய், உப்பில்லாப் பத்தியம், ஹோமியோபதி வெள்ளை உருண்டைகள். கடைசியாக வாரம் ஒருமுறை சாப்பிடும் மாத்திரை. அதைச் சாப்பிட்ட மறுநாள் முழுவதும் குமட்டும். ஒன்றரை வருடம் அதையும் சாப்பிட்டாள். கல்லீரல் பரிசோதனையில் எண்கள் ஏறியதும் நிறுத்திவிட்டார்கள். தலையிலிருந்து செதில் தோளில் உதிர்வது தெரியக் கூடாதென்று கறுப்பு, நீலம், பச்சை எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சந்தன நிறத்திலும் வெள்ளையிலும் மட்டும் ரவிக்கை தைத்துக்கொண்டாள். சக ஆசிரியைகள் அவளை எளிமையானவள் என்று பாராட்டினார்கள்.

இவையெல்லாம் வெளியே தெரிந்தவை. தெரியாத ஓரிடம் இருந்தது. கைக்குக் கொடுத்த வீரியமான களிம்பையே அங்கேயும் யாருக்கும் தெரியாமல் பூசிக்கொண்டாள். மருந்துக்கடையில் படர்தாமரைக்கு என்று விற்கும் டியூபையும் வாங்கிப் பூசினாள். நான்கு நாள் அடங்கும். நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பும். நாளாக நாளாக அந்த இடத்துத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, நடந்தாலே கிழிந்தது. பள்ளியில் காலையில் ஒருமுறை கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால், எரிச்சலுக்குப் பயந்து மாலைவரை தண்ணீர் குடிக்க மாட்டாள். கணவன் ஜெயகிருஷ்ணன் தொடக்கத்தில் ஒருநாள், "இது எனக்கு ஒட்டிக்காதே?" என்று கேட்டான். ஒட்டாது என்று சொன்னாள். அவன் தலையாட்டினான். அடுத்த வாரத்திலிருந்து ஹாலில் படுத்துக்கொண்டான். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொன்னான். அதற்குப் பிறகு ஏழு வருடமாக அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கையுறைப் பெட்டி வந்த அந்த வாரம்தான் அவள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் புதிதாகத் திறந்திருந்த தோல் மருத்துவமனைக்குப் போனாள். ஜெயகிருஷ்ணன் வழக்கம்போலக் கீழே காரிலேயே உட்கார்ந்துகொண்டான். டாக்டர் மிருதுளா அவளைவிட இளையவள். மேசைக்கு அந்தப்பக்கத்திலிருந்து கையை மட்டும் பார்த்துவிட்டு மருந்து எழுதிவிடவில்லை. எழுந்து வந்தாள். நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முடியை வகிர்ந்து விளக்கடியில் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மிகச் சாதாரணமாக, "கீழ இருக்கா? மறைவான இடத்துல, தொடை மடிப்புல?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றாள் சுப்ரஜா. சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. டாக்டர் பேனாவை எடுக்கவில்லை.

"இருக்கு."

"எத்தனை நாளா?"

"ஒம்பது வருஷமா."

"இதுக்கு முன்னாடி பார்த்த டாக்டர்ஸ் யாருமே கேக்கலையா?"

ஏழு டாக்டர்கள். சுப்ரஜா மனதில் எண்ணிப் பார்த்தாள். அவர்களில் இரண்டு பேர் பெண்கள். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம். "ஒரு கேள்வி டாக்டர்! நீங்க இப்ப கேட்டீங்களே, அதுக்கு அரை நிமிஷம் ஆச்சா? அந்த அரை நிமிஷம் யார்கிட்டயும் இல்லை. உப்பு சாப்பிடாதே, கத்திரிக்காய் சாப்பிடாதே, டென்ஷன் ஆகாதே, இதெல்லாம் சொல்ல நேரம் இருந்துச்சு. நானும் சொல்லலை, ஒத்துக்கறேன். ஆனா எப்படிச் சொல்லுவேன்? கையை நீட்டினா கையை மட்டும் பார்த்து எழுதிக் குடுத்தா, நான் எந்த இடத்துல நிறுத்தி, எப்படிச் சொல்லுவேன்?"

வெளியே காத்திருப்பவர்களுக்குக் கேட்டிருக்கும். டாக்டர் மிருதுளா அவளை அமைதிப்படுத்த முயலவில்லை. "நீங்க கோவப்படறது சரிதான்" என்று மட்டும் சொன்னாள். பிறகு திரைக்குப் பின்னால் பரிசோதித்தாள். அங்கே பூசிய களிம்புகளின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டபோது அவள் முகம் சுருங்கியது.

பயோலாஜிக் ஊசிகளைப் பற்றி அன்றுதான் சுப்ரஜா விவரமாகக் கேட்டாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் தன் தோலையே தாக்குகிறது. அதற்குத் தூது போகும் ஒரு புரதத்தை மட்டும் இந்த மருந்து மறித்துவிடும் என்று டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினாள். உயிரியல் ஆசிரியைக்கு அது உடனே விளங்கியது. முதலில் காசநோய் இருக்கிறதா, மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். தொற்று வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், கவனிக்க வேண்டும். முழுக்கக் குணமாகிவிடும் என்று சத்தியம் செய்ய முடியாது. "ஆனா உங்களுக்கு இருக்கற இடங்கள் எல்லாமே களிம்புக்கு அடங்காத இடங்கள். கை, நகம், தலை, அங்க. இந்த ஊசி அந்த இடங்கள்ல நல்லா வேலை செய்யுது. கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கா?"

ஜெயகிருஷ்ணன் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். குடும்பத்துக்கும் சேர்த்துக் காப்பீடு இருந்தது; இப்படிப்பட்ட மருந்துக்குத் தொழிற்சாலையின் மருத்துவக் குழு ஒப்புதல் தர வேண்டும். டாக்டர் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். முதல் பக்கத்தில் கை, நகம், தலை, மாத்திரை ஒத்துக்கொள்ளாத கதை. இரண்டாம் பக்கத்தில் அந்த இடம், மெலிந்துபோன தோல், ஒன்பது வருடம். இதைப் பரப்பளவைக் கொண்டு மதிப்பிடக் கூடாது என்று கடைசி வரியில் கோடிட்டிருந்தாள். இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நல்லபடியாக வந்தன. ஜெயகிருஷ்ணன் கடிதத்தை வாங்கிக் காரிலேயே படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "நாளைக்கே சப்மிட் பண்ணிடறேன்" என்றான்.

மூன்று வாரம் கழித்து நிராகரிப்பு வந்தது. ஜெயகிருஷ்ணன் அதை அவளுக்கு அனுப்பி, கீழே 'சாரிப்பா' என்று போட்டிருந்தான். சுப்ரஜா மதிய இடைவேளையில் படித்தாள். பாதிப்பு உடலின் மொத்தப் பரப்பில் மூன்று சதவிகிதத்துக்கும் குறைவு. எனவே இது லேசான வகை. மேல்பூச்சு மருந்துகளே போதுமானவை. லேசான என்ற சொல்லை அவள் மூன்று முறை படித்தாள். அதற்குக் கீழே, இணைக்கப்பட்ட ஆவணங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் நான்காவது: மருத்துவர் கடிதம், ஒரு பக்கம்.

முதலில் எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தாள். மருத்துவமனைக்கு ஃபோன் செய்தாள். டாக்டரே பேசினாள். "ரெண்டு பக்கம் குடுத்தேனே சுப்ரஜா. ரெண்டாவது பக்கம் இல்லாம போச்சுன்னா அவங்க இப்படித்தான் எழுதுவாங்க. யார் சப்மிட் பண்ணினது?"

அன்று மாலை ஹர்ஷா ஹிந்தி வகுப்புக்குப் போயிருந்தாள். பீர்க்கன்கரணையில் அவர்களுடைய ஃப்ளாட் இரண்டாவது மாடி. ஜெயகிருஷ்ணன் உள்ளே வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தபோது சுப்ரஜா எதிரே வந்து நின்றாள்.

"ரெண்டாவது பக்கம் எங்க?"

"எந்த ரெண்டாவது பக்கம்?" என்று கேட்டவன், அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு ஷூவோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அது வேண்டாம்னு நினைச்சேன். கையும் தலையுமே போதும்னு தோணிச்சு. நீ உன் கையைப் பாரு, யாரு இல்லைன்னு சொல்லுவாங்க?"

"சொல்லிட்டாங்களே. லேசானதாம்."

"சுப்ரஜா, அந்த ஃபைல் எத்தனை கை மாறும்னு உனக்குத் தெரியாது. போன வருஷம் எங்க பெயிண்ட் செக்‌ஷன்ல ஒருத்தன், டெஸ்ட் டியூப் பேபி ட்ரீட்மென்ட்டுக்கு லெட்டர் குடுத்தான். ஒரே வாரம். கேன்டீன்ல அவனுக்குப் பட்டப்பேர் வெச்சுட்டாங்க. இன்னிக்கும் அந்தப் பேர்லதான் கூப்பிடறாங்க. இதை அவங்க படிச்சா, நாளைக்கு என்னை எப்படிப் பார்ப்பாங்க?"

"உங்களை."

"நம்மளை."

"இல்லை. உங்களைன்னுதான் சொன்னீங்க."

அவன் இன்னொரு ஷூவைக் கழற்றினான். பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "எனக்கு மட்டும் கஷ்டமே இல்லைன்னு நினைக்கறியா? ஏழு வருஷமா நான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

"சொல்லுங்க. ஏழு வருஷமா?"

அவன் ஷூவைத் தரையில் வைத்தான்.

"நான் சொல்றேன். ஏழு வருஷமா ஹால்ல படுத்திருக்கீங்க. ஒரு நாளாவது என்கூட மாடியேறி வந்து டாக்டர்கிட்ட, இது ஒட்டுமான்னு நீங்களே கேட்டிருக்கலாம். எத்தனை டாக்டர், எத்தனை மாடி! எல்லா இடத்துலயும் நீங்க கீழே வண்டியில. எரிஞ்சது எனக்கு. கிழிஞ்சது எனக்கு. அதை ஒருத்தர்கிட்ட சொல்றதுக்கு எனக்கு ஒம்பது வருஷம் ஆச்சு. அந்தப் பேப்பரை நீங்க படிச்சு, பையில வெச்சு, எடுத்துப் போட்டிருக்கீங்க." "உங்க டிபார்ட்மென்ட்ல ஒரு பார்ட் சரியில்லைன்னா இப்படித்தான் ரிப்போர்ட்ல பாதியை எடுத்துடுவீங்களா?"

கீழே ஹர்ஷாவின் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. சுப்ரஜா அவனைத் தாண்டிப் போய்ப் படியிறங்கினாள்.

மேல்முறையீட்டுக்கு இடமிருந்தது. மருத்துவக் குழு மாதத்தில் ஒருமுறை தொழிற்சாலை வளாகத்திலேயே கூடும். ஊழியரும் நோயாளியும் நேரில் வரலாம். டாக்டரிடம் கடிதத்தின் இரண்டு பக்கங்களையும் மறுபடி வாங்கிக்கொண்டாள். அன்று காலை ஜெயகிருஷ்ணன் காரை எடுத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தான். அவள் அவனைக் கடந்து நடந்து, ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போய், படப்பை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பைக் கடைத்தெரு. பஸ் நின்று நின்று போயிற்று. என்ன சொல்லில் சொல்வது என்பதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது. வீட்டில் அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. அம்மா 'அங்கே' என்பாள். டாக்டர்கூட 'கீழ' என்றுதான் கேட்டாள். படப்பை தாண்டும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வருடா வருடம் இனப்பெருக்கப் பாடம் நடத்தும்போது நாற்பது பிள்ளைகளின் முன்னால் கரும்பலகையில் எழுதி, சிரிக்கும் பையன்களை முறைத்து, உரக்கப் படிக்கவும் வைக்கும் சொல் ஒன்று இருந்தது.

குளிரூட்டிய சிறிய அறை. நீள்மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். தொழிற்சாலை மருத்துவர் சாலமோன், நரைத்த மனிதர். மனிதவளத் துறையின் பட்டாபிராமன். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த ஒரு பெண், மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. ஜெயகிருஷ்ணன் ஏற்கெனவே வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, தீயணைப்பு விதிகள் எழுதிய சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாலமோன் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "ஒருத்தரோட கை, விரலோட சேர்த்து, அவங்க உடம்புல ஒரு பர்சென்ட்னு வெச்சுக்குவோம் மேடம். உங்களுக்கு ரெண்டு உள்ளங்கை, தலையில கொஞ்சம். மொத்தமா மூணு பர்சென்ட் வராது. விதிப்படி பத்து இருக்கணும்."

"இந்த ஒரு பர்சென்ட்டாலதான் சார் நான் சாப்பிடறேன், பிசையறேன், போர்டுல எழுதறேன், பொண்ணுக்குத் தலை பின்றேன்" என்று சுப்ரஜா கைகளை மேசைமேல் வைத்தாள். காப்பீட்டுப் பெண் இப்போதுதான் நிமிர்ந்தாள். "சரி, அதை விடுங்க. உங்ககிட்ட வந்தது பாதி லெட்டர். மீதி இதுல இருக்கு."

இரண்டாம் பக்கத்தை நகர்த்தினாள். பட்டாபிராமன்தான் முதலில் எடுத்தார். இரண்டு வரி படித்ததும் தீயைத் தொட்டவர்போல அதை மருத்துவர் பக்கம் தள்ளிவிட்டார். "மேடம், இந்த டீடெயில் எல்லாம் இங்க பேச வேண்டியதில்லை. ஜெயகிருஷ்ணன் சாரே எங்ககிட்ட தனியா..."

"இல்லை சார். இங்கதான் பேசணும். எனக்குப் பிறப்புறுப்புல சோரியாசிஸ் இருக்கு. ஒம்பது வருஷமா இருக்கு." அவள் குரல் வகுப்பில் இருப்பதுபோல உயர்ந்திருந்தது. "பிறப்புறுப்பு. பத்தாம் கிளாஸ் புஸ்தகத்துல இருக்கற வார்த்தைதான். உங்க பசங்களும் படிச்சிருப்பாங்க. அங்க தோல் கிழிஞ்சு, ஒவ்வொரு தடவை பாத்ரூம் போகும்போதும் எரியும். அது எத்தனை பர்சென்ட்னு அளந்து சொல்லுங்க."

சாலமோன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டாம் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்தார். "இது எங்களுக்கு வரவே இல்லையே. எப்படி விட்டுப்போச்சு?"

"ஸ்கேன் பண்ணும்போது மிஸ் ஆயிருக்கும் சார்" என்றான் ஜெயகிருஷ்ணன், சுவரொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் நினைத்திருந்தால் அதை அப்படியே விட்டிருக்கலாம். காரியம் ஆகிவிட்டதுபோலத்தான் தெரிந்தது. அவன் கழுத்தில் வியர்வை இறங்குவதையும் அவள் பார்த்தாள். இருபது வருடம் இந்த இடத்தில் வேலை பார்த்தவன். ஆனால் அந்தப் பொய்யை விட்டுவிட்டால், இந்த அறையிலும் அவளுடைய ஒன்பது வருடம் ஒரு ஸ்கேனரின் தவறாகிவிடும்.

"மிஸ் ஆகலை சார். வெட்கப்பட்டு எடுத்துட்டார்."

பட்டாபிராமன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். ஜெயகிருஷ்ணன் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். கதவு மெல்லத் தானாகச் சாத்திக்கொண்டது.

"மேடம், இந்த மாதிரி இடங்களுக்கு அந்தப் பத்து பர்சென்ட் கணக்கு பொருந்தாதுங்கறது எங்களுக்கும் தெரியும்" என்றார் சாலமோன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருக்க வேண்டும். "சொல்லப்போனா உள்ளங்கை, நகம், தலைகூடத் தனியா எடுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்தான்."

சுப்ரஜா அவரையே பார்த்தாள். "அப்படின்னா முதல் பக்கத்துக்கே நீங்க குடுத்திருக்கலாம்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்லை மேடம். பர்சென்ட் போடற கட்டம் மட்டும்தான் இருக்கு."

ஒரு கட்டம். அதைப் போட்டிருந்தால் அந்தச் சொல்லை அவள் இந்த மேசையில் சொல்லியிருக்க வேண்டாம். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே திரும்பி, "அந்தக் கட்டத்தைப் போடுங்க சார். அடுத்து வர்றவ டீச்சரா இருக்க மாட்டா" என்றாள். காப்பீட்டுப் பெண் எதையோ வேகமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஒப்புதல் பத்தாவது நாள் வந்தது.

முதல் ஐந்து வாரமும் வாரம் ஒரு தடவை ஊசி. பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. பேனா போன்ற சாதனம்; தொடையில் அழுத்தினால் ஒரு சொடக்கு, பத்து எண்ணுவதற்குள் இன்னொரு சொடக்கு. ஃப்ரிட்ஜில் கதவோரம் வைக்கக் கூடாது, நடுத்தட்டில் வைக்க வேண்டும். ஹர்ஷா அந்தத் தட்டில் 'அம்மா மருந்து, தொடாதே' என்று ஸ்டிக்கர் ஒட்டினாள். இரண்டாவது மாதம் வாயில் வெண்புண் வந்து ஒரு வாரம் காரம் சாப்பிட முடியவில்லை. அது அடங்கிற்று. மூன்றாவது வாரத்திலேயே தலையில் உதிர்வது நின்றது. பிறகு ஒருநாள் பள்ளிக் கழிப்பறையில் அவள் எரிச்சலுக்காகப் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே பிள்ளைகள் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். அன்று மதியம் ஒரு பாட்டில் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தாள். கைதான் கடைசியாக வழிக்கு வந்தது. நான்காவது மாதம் பிளவுகள் மூடி, ரேகைகள் தெரிந்தன. நகம் அடியிலிருந்து மட்டும் புதிதாக வளர்ந்துகொண்டிருந்தது.

கோபம் மட்டும் குறையவில்லை. குறையும் என்று அவளும் எதிர்பார்த்திருந்தாள். கரஸ்பாண்டன்ட் அம்மாள் வராந்தாவில் அவளை நிறுத்தி, "பார்த்தீங்களா டீச்சர், இப்ப எவ்வளவு அழகா இருக்கு" என்று கையைப் பற்றிக் குலுக்கியபோது, போன வருடம் இதே அம்மாள் பற்றாத கைதான் அவளுக்கு நினைவில் எழுந்தது. "இப்பவும் நான் அதே ஆள்தான் மேடம்" என்றாள். அந்த அம்மாளுக்கு அது புரியவில்லை, சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கேன்டீனில் ஜெயகிருஷ்ணனுக்கு யாராவது பெயர் வைத்தார்களா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவன் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, ஹர்ஷாவின் ஃபீஸ், கேஸ் புக்கிங் என்று தேவையானவற்றை மட்டும் பேசிக்கொண்டார்கள். ஆனால் மாதாந்திரப் பரிசோதனைக்குப் போன ஒரு சனிக்கிழமை, அவள் பேக்கரிக்குப் பக்கத்துப் படியில் ஏறும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவன் காரைப் பூட்டிவிட்டு வந்துகொண்டிருந்தான். டாக்டர் அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். எழுந்து வரும் நேரத்தில்தான், தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டர், இது... ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டாதில்லையா?" என்று கேட்டான்.

"ஒட்டவே ஒட்டாது. எப்பவுமே ஒட்டினதில்லை" என்றாள் டாக்டர் மிருதுளா, அவனைப் பார்க்காமல் சுப்ரஜாவைப் பார்த்து.

திரும்பும் வழியில் இரும்புலியூர் அருகே ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் நகரவில்லை. முன்னால் எங்கேயோ ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தது. வெயில் கண்ணாடி வழியாக இருவர் மடியிலும் விழுந்தது. ஜெயகிருஷ்ணன் எஞ்சினை அணைத்தான். ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து, அவள் மடியில் மல்லாந்திருந்த வலது உள்ளங்கையின்மேல் வைத்தான்.

புதுத் தோல். அதற்கு எல்லாம் தெரிந்தது. அவன் விரல் நுனிகளின் சொரசொரப்பு, உள்ளங்கையின் ஈரம், மோதிரத்தின் விளிம்பு. பத்து வருடத்தில் அவள் கை இவ்வளவு துல்லியமாக எதையும் அறிந்ததில்லை. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. விரல்களை மடக்கவும் இல்லை. எதிரே பஸ்ஸின் பின்கண்ணாடியில் வெயில் தகித்தது. பின்னாலிருந்த வண்டிக்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தான். பிறகு விடாமல் அடித்தான். முன்னால் பஸ் நகர்ந்து பாதை திறந்திருந்தது. ஜெயகிருஷ்ணன் வண்டியைக் கிளப்பிக் கியர் போட அந்தக் கையை எடுத்தாக வேண்டும். எடுக்காமல் அவள் முகத்தைப் பார்த்தான். சுப்ரஜா நேரே சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், உள்ளங்கை விரிந்தபடியே.